கடலை நீந்திய காப்டன் வெப்

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே ஆங்கிலக் கால்வாய் என்னும் கடற்பகுதி உள்ளது. கால்வாய் என்னும் பெயரைக் கேட்டு, வயலுக்கு நீர் பாய்ச்சும் வாய்க்கால் போன்றது அது என்று எண்ணிவிடலாகாது. அட்லாண்டிக் மாக்கடலையும் வடகடலையும் இணைக்கும் பெருங்கடற்பகுதி அது. அதன் மிகக் குறுகிய இடமே ஏறக்குறைய 21 மைல் அகலமுடையது. வானம் தெளிந்த நாளில், இங்கிலாந்தின் டோவர் நகரத்து வெண்ணிறக் குன்றுகளின்மேல் நின்று நோக்கினால், எதிரே பிரான்சின் கரை மெல்லிய கோடு போலத் தோன்றும். கண்ணுக்கு எட்டிய அக்கரை, நீந்துவோர் கைக்கு எட்டாததாகவே நெடுங்காலம் இருந்து வந்தது. எவ்விதக் கருவியின் துணையுமின்றி அக்கடலை நீந்திக் கடந்து, உலகை வியப்பில் ஆழ்த்திய முதல் வீரர் மாத்யூ வெப் ஆவார்.

மாத்யூ வெப் 1848 ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 19 ஆம் நாள், இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர்ப் பகுதியிலுள்ள டாலி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவருடைய தந்தையார் ஒரு மருத்துவர். பிள்ளைகள் பலர் நிறைந்த குடும்பம் அது. அவர்கள் வாழ்ந்த பகுதியில் செவர்ன் என்னும் ஆறு பாய்கின்றது. இளமையிலேயே வெப் அவ்வாற்றில் இறங்கி நீந்தக் கற்றார். நீரில் மூழ்கவிருந்த தம் உடன்பிறந்தான் ஒருவனைச் சிறுவனாக இருந்தபோதே அவர் காப்பாற்றினார். விளையாட்டாகக் கற்ற கலை பிறர் உயிரைக் காக்கவும் உதவும் என்பதை அவர் அன்றே உணர்ந்தார்.

கடலின்மேல் கொண்ட காதலால், பன்னிரண்டாம் வயதில், லிவர்பூல் நகரத்தருகே நின்ற கான்வே என்னும் பயிற்சிக் கப்பலில் அவர் சேர்ந்தார். அங்கே மாலுமித் தொழிலைக் கற்றுத் தேர்ந்தபின், கிழக்கு நாடுகளுக்குச் செல்லும் வணிகக் கப்பல்களில் பணி புரிந்தார். பின்னர் எமரால்டு என்னும் நீராவிக் கப்பலுக்குத் தலைவராகவும் இருந்தார். அதனாலேயே மக்கள் அவரைக் காப்டன் வெப் என்று வழங்கலாயினர்.

1873 ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒரு செயல் அவருடைய உள்ளத்தின் இயல்பை நன்கு காட்டும். அப்போது அவர் ரஷ்யா என்னும் பெயருடைய கப்பலில் பணியாற்றினார். அக்கப்பல் நியூயார்க்கிலிருந்து லிவர்பூலுக்கு விரைந்து வந்துகொண்டிருந்தது. நடுக்கடலில் மாலுமி ஒருவன் தவறி நீரில் வீழ்ந்தான். அதைக் கண்டதும் வெப் ஒரு நொடியும் தயங்காது அலைகளிடையே பாய்ந்தார். பனிபோற் குளிர்ந்த நீரில் அரைமணி நேரத்திற்கு மேலாக அவனைத் தேடினார். வீழ்ந்தவன் அகப்படவில்லை. வெப்பையே படகு விட்டு மீட்க வேண்டியதாயிற்று. முயற்சி பயன் தராதுபோயினும், அதன் பெருமை குன்றவில்லை. கப்பலிற் பயணம் செய்தோர் நூறு பவுன் திரட்டி அவருக்கு அளித்தனர். உயிர் காக்கும் தொண்டினைப் போற்றும் அரச மனிதநேயக் கழகம் புதிதாக ஏற்படுத்திய ஸ்டான்ஹோப் பதக்கத்தை முதன்முதலாக அவருக்கே வழங்கிற்று.

அக்காலத்தில் ஜான்சன் என்னும் நீச்சல் வீரர் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்று தோற்றார். அச்செய்தியைச் செய்தித்தாளில் படித்த வெப், தாம் அதனைச் செய்து முடிக்கவேண்டும் என்று உறுதி பூண்டார். 1875 ஆம் ஆண்டு மே மாதத்தில், பாய்ட்டன் என்பவர், காற்றடைத்த ரப்பர் உடையை அணிந்து மிதந்தவாறே அக்கடலைக் கடந்தார். அது வியத்தகு செயலே. எனினும் நீச்சல் ஆகாது. தம் இரு கைகளையும் இரு கால்களையும் தவிர வேறொரு துணையும் கொள்வதில்லை என்பது வெப்பின் முடிவு.

முடிவு செய்துவிட்டால் போதுமா? அதற்குரிய ஆயத்தம் வேண்டாவா? வெப் தம் கப்பற்பணியை விட்டுவிட்டு இலண்டன் நகருக்கு வந்தார். முதலில் லாம்பெத்துப் பகுதியிலிருந்த நீச்சற்குளத்தில் பயிற்சி பெற்றார். அடுத்துத் தேம்சு ஆற்றிற்குச் சென்றார். 1875 சூலை மாதத்தில் அவ்வாற்றில் ஏறக்குறைய 20 மைல் தொலைவை ஒரே மூச்சில் நீந்தினார். பின்னர் டோவரிலிருந்து ராம்சுகேட்டு வரையில் கடலோரமாகவே நீந்திச் சென்றார். இவ்வாறு குளத்திலிருந்து ஆற்றிற்கும், ஆற்றிலிருந்து கடலுக்கும் படிப்படியாக அவர் தம் ஆற்றலை வளர்த்துக்கொண்டார்.

அக்கடலில் நீந்துவோர்க்குப் பகைகள் இரண்டு. ஒன்று குளிர். கோடைக்காலத்தின் இறுதியிலும் அந்நீரின் வெப்பநிலை ஏறக்குறைய 18 செண்டிகிரேடு அளவே இருக்கும். காற்றைக் காட்டிலும் நீர் நம் உடலின் சூட்டைப் பன்மடங்கு விரைவாகக் கவர்ந்துகொள்ளும். ஆதலின், வலிமை மிக்கவரும் நெடுநேரம் நீரில் இருப்பின் கைகால் மரத்துச் சோர்வர். மற்றொரு பகை நீரோட்டம். கடல் பொங்கும்போதும் வற்றும்போதும் நீர் அக்குறுகிய பகுதியில் விரைந்து ஓடும். ஏறக்குறைய ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை அவ்வோட்டம் தன் திசையை மாற்றிக்கொள்ளும். ஆகவே, நேரே செல்ல முயல்வோரை அது ஒருமுறை வடகிழக்கே தள்ளும். மறுமுறை தென்மேற்கே இழுக்கும். காலமறிந்து புறப்படாதவர் கரை சேர்தல் அரிது.

1875 ஆகஸ்டுத் திங்கள் 12 ஆம் நாள் வெப் முதன்முறை கடலில் இறங்கினார். ஏறக்குறைய ஏழு மணி நேரம் நீந்தியபின், காற்று மிகுந்து கடல் கொந்தளித்தது. மேலும் செல்லுதல் அறிவுடைமை அன்று என்று கண்ட அவர், முயற்சியை அன்றைக்கு நிறுத்திக் கரைக்கு மீண்டார். தோல்வி கண்டு மனம் தளராமல், நல்ல காலம் வரும் வரையில் பன்னிரண்டு நாள் பொறுத்திருந்தார்.

ஆகஸ்டு 24 ஆம் நாள் கடல் அமைதியாக இருந்தது. குளிரைத் தாங்கும்பொருட்டுக் கடற்பன்றியின் எண்ணெயை வெப் தம் உடலெங்கும் பூசிக்கொண்டார். பகல் 12 மணி 56 நிமிடத்திற்கு டோவர்த் துறைமுகத்தின் பாலத்திலிருந்து நீரிற் குதித்தார். மூன்று படகுகள் அவரைத் தொடர்ந்து சென்றன. செய்தியாளர்களும் உடன் சென்றனர். ஆனால், படகைத் தொட்டு இளைப்பாறுதல் கூடாது என்பது அவர் மேற்கொண்ட நெறி. தவளையைப் போலக் கைகால்களை மடக்கி விரித்து நீந்தும் முறையையே அவர் கைக்கொண்டார். விரைவு சிறிதெனினும், களைப்பு மிகாமல் நெடுந்தொலைவு செல்ல அம்முறை உதவிற்று. அவ்வப்போது படகிலிருந்து அவருக்குச் சூடான காப்பியும், இறைச்சிச் சாறும், சிறிதளவு பிராந்தியும் நீட்டப்பட்டன. அவர் நீரில் மிதந்தவாறே அவற்றைப் பருகினார்.

மாலை மறைந்தது, இரவு சூழ்ந்தது. நான்கு புறமும் கரிய நீர். படகின் விளக்கொளியும் உடன் வந்தோரின் குரலுமே அவருக்குத் துணை. அந்நிலையில், கடற்கரை மக்கள் சொறிமுட்டை என்று வழங்கும் ஜெல்லிமீன் ஒன்று அவரைத் தீண்டிற்று. தீயிற் பட்டது போன்ற வலி எழுந்தது. வெப் சற்றே நின்று, சிறிது பிராந்தி அருந்தி, மீண்டும் நீந்தத் தொடங்கினார்.

விடியும்போது பிரான்சின் கரை அண்மையிலேயே தெரிந்தது. இனி முடிந்தது துன்பம் என்று படகிலிருந்தோர் மகிழ்ந்தனர். ஆனால், உண்மையான சோதனை அப்போதுதான் தொடங்கிற்று. கிரிநே என்னும் முனையின் அருகே நீரோட்டம் மாறிவிட்டது. கரையை நோக்கி அவர் நீந்தினார். ஓட்டம் அவரைப் பக்கவாட்டில் இழுத்துச் சென்றது. ஒரு மணி, இரு மணி அன்று. ஐந்து மணி நேரம் அவர் அவ்வோட்டத்தோடு போராடினார். காற்றும் எழுந்து அலைகளை உயர்த்திற்று. கரை கண்ணுக்கு முன்னே இருந்தது, ஆயினும் அணுகவில்லை. இரவெல்லாம் நீந்திக் களைத்த உடல் ஓய்வை வேண்டிற்று. கை நீட்டினால் படகு. தொட்டுவிட்டால் துன்பம் தீரும். ஆனால் உழைப்பெல்லாம் வீணாகும். வெப் படகைத் தொடவில்லை.

அவ்வேளையில் கலே துறைமுகத்திலிருந்து அஞ்சற்கப்பலின் படகு ஒன்று வந்தது. காற்று வீசும் பக்கமாக அது நின்று, அலைகளின் வேகத்தைச் சிறிது தணித்தது. அதிலிருந்தோர் பாட்டுப் பாடி அவரை ஊக்கினர். ஆகஸ்டு 25 ஆம் நாள் முற்பகல் 10 மணி 41 நிமிடத்திற்கு வெப்பின் கால்கள் கலே நகரத்தருகே மணலைத் தொட்டன. அவர் நீரிலிருந்த நேரம் 21 மணி 45 நிமிடம். 21 மைல் அகலமுடைய கடலைக் கடக்க, நீரோட்டத்தால் வளைந்து வளைந்து அவர் நீந்திய தொலைவு ஏறக்குறைய 40 மைல் ஆயிற்று. நன்கு உறங்கி எழுந்தபின், கிரிக்கெட்டு ஆடும் பருவத்தின் முதல் வாரத்தில் தோன்றும் உடல்வலி போன்றதே தமக்கு இருந்ததாக அவர் பின்னர்த் தெரிவித்தார்.

தாயகம் திரும்பிய வெப்பை மக்கள் ஊர்தோறும் கூடி வரவேற்றனர். அவருக்கென நிதி திரட்டினர். தீப்பெட்டிகளிலும் பீங்கான் கலங்களிலும் அவர் உருவம் இடம்பெற்றது. நீச்சற்கலையைப் பற்றி அவர் ஒரு நூலும் வெளியிட்டார். அவர் புகழைக் கேட்டுச் சிறுவர் பலர் நீச்சல் கற்க விரைந்தனர்.

ஆனால், புகழ் நீடிப்பினும் பொருள் நீடிக்கவில்லை. 1880 ஆம் ஆண்டில் அவர் மணம் புரிந்துகொண்டார். இரு மக்களும் பிறந்தனர். குடும்பத்தைக் காக்கும்பொருட்டு அவர் நீச்சற்போட்டிகளிலும் காட்சிகளிலும் ஈடுபடலானார். ஒருமுறை 128 மணி நேரம் தொட்டி நீரில் மிதந்து காட்டினார். பெருங்கடலை வென்றவர் தொட்டி நீரில் மிதந்து பொருளீட்ட நேர்ந்தது இரங்கத்தக்கது. ஓயாத உழைப்பால் அவருடைய உடல்நலமும் குன்றிற்று.

அந்நிலையில், யாரும் துணியாத ஒரு செயலைச் செய்து பெரும்பொருள் ஈட்ட அவர் எண்ணினார். வட அமெரிக்காவில் நயாகரா என்னும் நீர்வீழ்ச்சி உள்ளது. நான்கு பேரேரிகளின் நீர் அங்கே வீழ்ந்து, செங்குத்தான பாறைகளுக்கிடையே ஒடுங்கி, பொங்கி நுரைத்து ஓடும். சிறிது தொலைவில் அவ்வாறு திடீரெனத் திரும்புவதால், அங்கே பெரியதொரு நீர்ச்சுழி உண்டாகியுள்ளது. அவ்விரைவோட்டத்தையும் சுழியையும் நீந்திக் கடப்பதே அவருடைய திட்டம். அன்பர்கள் தடுத்தனர், அவர் கேளார் ஆயினார். 1883 சூலைத் திங்கள் 24 ஆம் நாள் மாலை, சிறு படகு ஒன்றிலிருந்து அவர் அவ்வாற்றிற் குதித்தார். கரைகளில் நின்ற மக்கள் மூச்சடக்கி நோக்கினர். விரைவோட்டத்தின் முதற்பகுதியில் அவர் தலை அலைகளுக்கிடையே தோன்றித் தோன்றி மறைந்தது. சுழியை அணுகியபின் அது தோன்றவில்லை. நான்கு நாட்களுக்குப் பின்னரே அவர் உடல் கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 35. நயாகரா நகரத்திலேயே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

திருவள்ளுவர் தம் நூலில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்துள்ளார். வெப்பின் வாழ்க்கை அவற்றிற்கு ஓர் எடுத்துக்காட்டு. கால்வாயைக் கடந்தபோது அவர் தம் வலிமையை அளந்து அறிந்தார். காலம் பார்த்துப் பொறுத்திருந்தார். கடலின் இயல்பைக் கற்றார். காற்று மிகுந்த நாளில் திரும்பி வரவும் அவருக்குத் துணிவிருந்தது. ஆகவே வென்றார். நயாகராவில் துணிவு குறையவில்லை; உடல் நலிந்திருந்தது; இடமோ மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டது. வறுமை அவரை உந்திற்று. புகழ் அவர் கண்ணை மறைத்தது. துணிவு ஒன்றே இரு முறையும். அதற்கு வழிகாட்டும் அறிவு ஒருமுறைதான் உடனிருந்தது.

எனினும், அவர் முதற்செயலின் பெருமை என்றும் மங்காது. அவருக்குப் பின் பலர் முயன்று தோற்றனர். 36 ஆண்டுகள் கழித்து, 1911 ஆம் ஆண்டில்தான் பர்கெசு என்பவர் அக்கால்வாயை நீந்திக் கடந்தார். 1926 ஆம் ஆண்டில் கெர்ட்ரூடு எடர்லி என்னும் அமெரிக்க நங்கை அதனைக் கடந்த முதற்பெண் ஆனார். 1958 ஆம் ஆண்டில் நம் நாட்டினரான மிகிர் சென் அவ்வெற்றியை எய்தினார். அவரே 1966 ஆம் ஆண்டில் இலங்கைக்கும் நம் தமிழகத்திற்கும் இடையேயுள்ள பாக்கு நீரிணையையும் நீந்திக் கடந்தார். 1959 ஆம் ஆண்டில் வங்க நங்கை ஆரதி சாகா, முதல் முயற்சியில் தோற்றும் தளராது, அடுத்த மாதமே மீண்டும் நீந்தி ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார்.

1909 ஆம் ஆண்டில், வெப் பிறந்த டாலி என்னும் ஊரில் அவருக்கு ஒரு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. பெருஞ்செயல் எதுவும் எளிதில் கைகூடுவதன்று என்னும் கருத்து அதில் பொறிக்கப்பட்டுள்ளது. அரிய செயலை விரும்புவோர் அதற்குரிய உழைப்பையும் விரும்புதல் வேண்டும். எந்த நீரில் இறங்குவது, எந்த நீரைக் கண்டு விலகுவது என்பதை அறிதலும் அவ்வுழைப்பின் ஒரு பகுதியே ஆகும்.