வெள்ளைக்கொடியும் வெடிச்சத்தமும்: பிரேமதாசாவின் வாழ்வும், நாடு பிரிந்து நின்று பார்த்த மரணமும்

1993 மே 1ஆம் திகதி நண்பகல். கொழும்பு ஆமர் வீதிச் சந்தியில் ஐக்கிய தேசியக் கட்சியின் மே தின ஊர்வலத்தை வீதியில் நின்றே ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாசா, சைக்கிளில் வந்த தற்கொலைக் குண்டுதாரியின் தாக்குதலில் கொல்லப்பட்டார். மெய்ப்பாதுகாவலர்களும் ஊர்வலத்தில் வந்தவர்களுமாக இருபதுக்கும் மேற்பட்டோர் அவருடன் மாண்டனர். பல மணிநேரம் கழித்தே அரச ஊடகங்கள் செய்தியை உறுதிப்படுத்தின. அன்று மாலை தலைநகரின் தோட்டப் புறங்களில் வெள்ளைக்கொடிகள் ஏறின. அதே நகரின் வேறு சில இடங்களில் பட்டாசு வெடித்தது.

பதவியில் இருக்கும்போதே கொல்லப்பட்ட ஒரு ஜனாதிபதிக்கு அவருடைய இனத்தவர்களே வெடி கொளுத்தினார்கள் என்றால், அதன் காரணம் அவர் வாழ்ந்த விதத்தில்தான் இருக்கிறது.

பிரேமதாசா 1924 ஜூன் 23 அன்று கொழும்பு வாழைத்தோட்டத்தில் பிறந்தார். சேனநாயக்கா, பண்டாரநாயக்கா, ஜெயவர்த்தனா போன்ற பெருங்குடும்பங்களின் கையில் இருந்த சிங்கள அரசியலுக்குள் நிலபுலமோ குலப்பெருமையோ இல்லாமல் நுழைந்தவர் அவர். மருதானை புனித சூசையப்பர் கல்லூரியில் படித்தார். பதினைந்து வயதிலேயே சுசரித என்ற சமூக சேவை அமைப்பைத் தொடங்கினார். ஏ.ஈ. குணசிங்கவின் தொழிற்கட்சியில் அரசியல் பழகி, 1950இல் கொழும்பு மாநகர சபை உறுப்பினரானார். பின்னர் ஐக்கிய தேசியக் கட்சியில் சேர்ந்தார். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் நெருக்கியடித்து வாழும் கொழும்பு மத்தியே அவருடைய தொகுதி.

1977இல் ஜே.ஆர். ஜெயவர்த்தனா ஆட்சிக்கு வந்தபோது உள்ளூராட்சி, வீடமைப்பு அமைச்சரானார். 1978 பெப்ரவரியில் பிரதமரானார். ஒரு இலட்சம் வீடுகள், பத்து இலட்சம் வீடுகள் எனத் திட்டங்கள் வந்தன. கம் உதாவ என்ற கிராம எழுச்சி விழாக்கள் ஆண்டுதோறும் நடந்தன. விடியற்காலை எழுந்து அதிகாரிகளைத் தொலைபேசியில் விரட்டும் கண்டிப்பானவர் என்ற பெயர் அவருக்கு இருந்தது. தெற்கின் ஏழை மக்களில் பலருக்குச் சொந்தக் கூரை என்ற சொல் அவருடைய பெயரோடு சேர்ந்தே நினைவில் நிற்கிறது.

1988 டிசம்பர் தேர்தலில் வென்று, 1989 ஜனவரி 2ஆம் திகதி ஜனாதிபதியாகப் பதவியேற்றார். அப்போது தெற்கில் ஜே.வி.பியின் இரண்டாவது கிளர்ச்சி, வடக்கு கிழக்கில் இந்திய அமைதிப்படை. ஏழைக் குடும்பங்களுக்கான ஜனசவிய திட்டம் அந்த ஆண்டுதான் தொடங்கியது. தெற்கின் வீதியோரங்களில் ரயர் போட்டு இளைஞர்களின் உடல்கள் எரிக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். ஜே.வி.பி கொன்றவர்களும் பலர். ஆனால் அரச படைகளும் அவற்றோடு இயங்கிய இனந்தெரியாத குழுக்களும் பிடித்துச் சென்றவர்களின் தொகை பல்லாயிரம். எம்பிலிப்பிட்டியில் பாடசாலை மாணவர்களையே கொண்டுசென்றார்கள். 1989 நவம்பரில் ரோகண விஜேவீர கொல்லப்பட்டார். 1990 பெப்ரவரியில் ஊடகவியலாளர் ரிச்சர்ட் டி சொய்சா வீட்டிலிருந்து கடத்தப்பட்டு, மறுநாள் கடற்கரையில் பிணமாகக் கிடந்தார். வீடு பெற்ற தாயும் பிள்ளையைத் தொலைத்த தாயும் ஒரே கிராமத்தில் இருந்தார்கள். சில இடங்களில் இருவரும் ஒருவரேதான்.

எங்கள் பக்கத்துக் கணக்கு வேறு. இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைப் பிரதமராக இருந்தபோதே எதிர்த்தவர் பிரேமதாசா. அமைதிப்படை வெளியேற வேண்டும் என்று 1989 ஜூனில் பகிரங்கமாகக் கேட்டார். விடுதலைப் புலிகளுடன் கொழும்பில் பேச்சு நடத்தினார். அந்தக் காலத்தில் புலிகளுக்கு அரச தரப்பிலிருந்து ஆயுதம் போனது பின்னாளில் வெளிப்படையாகவே பேசப்பட்டது. 1990 மார்ச் 24இல் கடைசி இந்தியச் சிப்பாயும் கப்பலேறினான். மூன்று மாதம்கூடச் செல்லவில்லை. ஜூனில் கிழக்கில் சரணடைந்த நூற்றுக்கணக்கான பொலிசார் கொல்லப்பட, இரண்டாம் ஈழப்போர் மூண்டது.

அதன் பிறகு வன்னி மக்கள் அறிந்த பிரேமதாசா, பொருளாதாரத் தடையின் பிரேமதாசா. எரிபொருள், பற்றறி, உரம், சீமெந்து, சவர்க்காரம், மருந்து எனத் தடைப் பட்டியல் நீண்டது. 1990 நவம்பரில் மாங்குளம் முகாம் வீழ்ந்த பிறகு, வவுனியாவிலிருந்து வடக்கே ஒரு போத்தல் மண்ணெண்ணெய் வருவதே பெரும்பாடு. புதுக்குடியிருப்புப் பக்கத்துப் பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கின் திரியைச் சுருக்கி வைத்துப் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வானொலி பாட, ஊரே சுற்றியிருந்து செய்தி கேட்டது. வானத்தில் குண்டுவீச்சு விமானம், பீப்பாய்க் குண்டு. கிழக்கில் 1990 செப்டெம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்கள் திரும்பவில்லை. சத்துருக்கொண்டானில் குழந்தைகளும் தப்பவில்லை. 1991இல் கொக்கட்டிச்சோலை, 1992இல் மயிலந்தனை. 1993 பிறந்து இரண்டாம் நாளே கிளாலிக் கடலில் படகில் சென்ற பொதுமக்கள் கடற்படையால் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டார்கள்.

தென்னிலங்கையில் அவருக்கெதிரான கோபம் வேறு வழியில் வளர்ந்தது. 1991இல் லலித் அத்துலத்முதலி, காமினி திசாநாயக்க ஆகியோர் அவர்மீது குற்றப்பிரேரணை கொண்டுவர முயன்றனர். அவர் பாராளுமன்றத்தை ஒத்திவைத்தார். பிரேரணை தோற்றது. அவர்கள் கட்சியிலிருந்து நீக்கப்பட்டனர். 1993 ஏப்ரல் 23 அன்று கிருலப்பனையில் கூட்ட மேடையில் லலித் சுட்டுக் கொல்லப்பட்டபோது, மக்களில் பெரும்பகுதியினர் ஜனாதிபதியையே சந்தேகித்தனர். அந்தச் சந்தேகம் ஆறுமுன் எட்டாவது நாள் வந்ததுதான் மே தினக் குண்டு. அரசு புலிகளைக் குற்றம் சாட்டியது. புலிகள் உரிமை கோரவில்லை.

ஆகவே அன்றைய பட்டாசுக்குக் காரணம் ஒன்றல்ல. கொளுத்தியவர்களில் லலித்தின் ஆதரவாளர்கள் இருந்திருக்கலாம், பிள்ளையை ரயரில் பறிகொடுத்த வீட்டார் இருந்திருக்கலாம், வாழைத்தோட்டத்தான் ஒருவன் நாட்டை ஆள்வதைப் பொறுக்காத மேட்டுக்குடியினரும் இருந்திருக்கலாம். அழுதவர்களிலும் அப்படித்தான்: கட்சிக்காரர், ஜனசவிய குடும்பத்தார், புதுக் கூரையின் கீழ் தூங்கியவர். கடுங்கோலர்களின் சாவு உலகெங்கும் இப்படித்தான் மக்களைப் பிரித்திருக்கிறது. 2006இல் சிலியின் பினோசே இறந்தபோது, தலைநகர் சந்தியாகோவில் ஒருபுறம் மதுப் போத்தல் திறந்து ஆடினார்கள். மறுபுறம் அவருடைய உடலைப் பார்க்க ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றார்கள். அவருக்கு இராணுவ மரியாதை கிடைத்தது, அரச மரியாதை மறுக்கப்பட்டது. பிரேமதாசாவுக்கோ முழு அரச மரியாதையும் கிடைத்தது, பின்னர் புதுக்கடையில் சிலையும் எழுந்தது. காணாமல் போனவர்களைப் பற்றி ஆணைக்குழுக்கள் விசாரித்தன, எழுதின. அவற்றின் அறிக்கைகள் மேசையோடு நின்றன.

வடக்கில் அந்தச் சாவு சுமையைக் குறைக்கவும் இல்லை. டி.பி. விஜேதுங்க ஜனாதிபதியானார். தடைப் பட்டியல் அப்படியே இருந்தது, விமானமும் வந்தது. ஆள் போனாலும் அவர் இருந்த கதிரையின் அதிகாரம் போவதில்லை என்பதை வன்னி அப்போதே கண்டுகொண்டது.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 2009 மே 18, 19ஆம் திகதிகளில், கொழும்பு வீதிகளில் மீண்டும் பட்டாசு. இம்முறை பாற்சோறும் பகிர்ந்தார்கள். புலிகளின் தலைவர் பிரபாகரன் இறந்தார் என்ற செய்திக்கான கொண்டாட்டம் அது. வெடித்தவர்களுக்கு அவர் ஒரு கொடுங்கோலர். இங்கே பலருக்கு அவர் தலைவர். பிள்ளையைக் கட்டாயமாகக் களத்துக்குக் கொடுத்த பெற்றோருக்கும், 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் மக்களுக்கும் அவரைப்பற்றி வேறு கணக்கும் உண்டு. அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் அந்தப் பட்டாசு வெடித்த நேரத்தில், புதுக்குடியிருப்புக்குக் கிழக்கே முள்ளிவாய்க்காலில் எடுத்துப் புதைக்க ஆளில்லாமல் பொதுமக்களின் உடல்கள் கிடந்தன. அந்த வெடிச்சத்தத்தை அவர்களின் சாவுக்கானது அல்ல என்று எடுத்துக்கொள்ள எங்களால் முடியவில்லை. அதன் பிறகு பல ஆண்டுகள், மே மாதத்தில் கூடி விளக்கேற்றவும் தடை போட்டார்கள்.

2019 ஜனாதிபதித் தேர்தலில் இன்னொன்று நடந்தது. பிரேமதாசாவின் மகன் சஜித்துக்கு வன்னித் தேர்தல் தொகுதியில் 80 சதவீதத்துக்கும் மேலான வாக்குகள் விழுந்தன. தந்தையின் தடையில் விளக்குத் திரியைச் சுருக்கிய தலைமுறையும் அதில் வாக்களித்தது. எதிரே நின்றவர் 2009இன் பாதுகாப்புச் செயலாளர் கோட்டாபய என்பதே காரணம். தந்தையை யாரும் மன்னித்துவிட்டதாக அதற்குப் பொருள் இல்லை.

பிரேமதாசா நல்லவரா கெட்டவரா என்று ஒரே சொல்லில் தீர்ப்பெழுத நாடு இன்னும் முயல்கிறது. ஒவ்வொரு மே தினத்திலும் புதுக்கடைச் சிலைக்கு மாலை விழுகிறது. மாலை போடுபவர்களின் துக்கத்தை நாம் தடுக்கவில்லை, தடுக்கவும் வேண்டாம். கிளாலியில், சத்துருக்கொண்டானில், எம்பிலிப்பிட்டியில் இழந்தவர்களுக்கும் அதேபோல ஒரு நாளும் ஒரு கல்லும் வேண்டும் என்பதே எங்கள் கேள்வி. சாவை ஒட்டி எழும் சத்தம் சில நாளில் அடங்கிவிடும். வாழ்ந்த காலத்தில் அவரது ஆட்சியில் செய்யப்பட்டவற்றுக்கு யார் பதில் சொல்வது என்பது, அவர் இறந்து முப்பது ஆண்டுகள் கடந்தும் அப்படியே நிற்கிறது.