கோட்டையூர் தந்த வள்ளல்

நம்மால் இவ்வளவுதான் முடியும் என்று தாமே ஒரு கோடு கிழித்துக்கொண்டு, அதற்குள்ளேயே வாழ்நாளைக் கழித்துவிடுகிறவர்கள் நம்மில் அநேகர். படிப்பு ஏறாது என்பார் சிலர். உடம்பு இடங்கொடாது என்பார் சிலர். அந்தக் கோட்டைத் தாண்டி நடந்த ஒருவரை வெகுதூரம் சென்று தேடவேண்டியதில்லை. காரைக்குடிக்கு அடுத்த கோட்டையூரில் 1909-ம் ஆண்டு ஏப்ரல் 6-ந் தேதி பிறந்த டாக்டர் அழகப்பச் செட்டியாரே அவர்.

அந்நாளில் செட்டிநாட்டுப் பிள்ளைகள் கணக்கு வழக்குத் தெரிந்தவுடன், பெட்டியடிப் பையன்களாகப் பர்மாவுக்கோ மலேயாவுக்கோ கப்பல் ஏறுவது வழக்கம். அழகப்பரோ சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். சீமைக்குச் சென்று பாரிஸ்டரானார். விமானம் ஓட்டவும் கற்றார்.

ஆனால், வாலிப வயதிலேயே அவரைத் தொழுநோய் பற்றிக்கொண்டது. அதற்குத் தக்க மருந்து 1940-களில்தான் வந்தது. ஊரார் ஒதுக்குமுன் நோயாளிகள் தாமே ஒதுங்கிக்கொண்ட காலம் அது. அழகப்பரும் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டோடு இருந்திருக்கலாம், செல்வத்துக்குக் குறைவில்லை. அவர் அப்படிச் செய்யவில்லை. கொச்சி நாட்டில் நூற்பாலை கண்டார். விமானக் கம்பெனியும் நடத்தினார்.

1947 ஜூலையில் சென்னையில் நடந்த ஒரு கூட்டத்தில், துணைவேந்தர் ஏ. லட்சுமணசுவாமி முதலியார், செல்வர்கள் கல்லூரிகள் தொடங்க முன்வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். காரைக்குடியில் தாம் தொடங்குவதாக அழகப்பர் அங்கேயே வாக்களித்தார். கட்டடம் எழும்பட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. மறுமாதமே காந்தி மாளிகையில் கல்லூரி ஆரம்பமாயிற்று!

பின்னர் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் வழங்கினார். 1948-ல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1953-ல் அது திறக்கப்பட்டது. இதற்கிடையே 1950-ல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியும், 1952-ல் பொறியியல் கல்லூரியும் எழுந்தன. பெண்கள் கல்லூரிக்குத் தம் சொந்த வீட்டையே கொடுத்தார்.

1957 ஏப்ரல் 5-ந் தேதி அவர் காலமானார். நாற்பத்தெட்டு வயது நிறைய ஒரே ஒரு நாள் இருந்தது. 1985-ல் அவர் பெயரால் பல்கலைக்கழகமும் அமைந்தது.

பெற்றோரே! மேற்படிப்பு நமக்கு எட்டாது என்று சோர்ந்திருக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் உண்டா? ஒருநாள் அந்த வளாகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். அதைக் கட்டியவர் நோயோடு போராடியவர் என்பதையும் சொல்லுங்கள். பிள்ளை யோசிக்கும்.