கிராமத்துக்குக் கணக்கெழுதிய ஜோசப் குமரப்பா

தஞ்சை நகரில் 1892-ம் ஆண்டு ஜனவரி 4-ம் நாள் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ஜோசப் செல்லத்துரை என்று பெயரிட்டார்கள். தகப்பனார் சாலமோன் துரைசாமி கொர்நேலியுஸ் பொதுப்பணி இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். தாயார் எஸ்தர் அம்மாள் பக்தியும் கண்டிப்பும் உள்ளவர். குடும்பம் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தது. நம் திருச்சபையைச் சேர்ந்ததன்று. ஆயினும் சேசுநாதருடைய போதனையைக் கோவிலுக்குள் மட்டும் வைத்துக்கொள்ளாமல் வயலுக்கும் செக்குக்கும் அடுப்பங்கரைக்கும் கொண்டுபோன இந்தத் தமிழரைப் பற்றி நம் பிள்ளைகள் அறிந்திருக்கவேண்டும். பாடப் புத்தகத்தில் அவர் பெயர் ஒரு வரியில் வந்து போய்விடுகிறது.

வீட்டில் எல்லாம் ஆங்கில நடை. சென்னையில் படிப்பு முடித்து, கணக்குத் தணிக்கை கற்க லண்டன் சென்றார். முதல் உலக யுத்த காலம் முழுவதும் அங்கேயே கழிந்தது. அங்கேயே தங்கிவிட எண்ணியிருந்தவரைத் தாயார் வற்புறுத்தி அழைத்ததனால் 1919-ல் திரும்பினார். பம்பாயில் வேலை, பிறகு சொந்தமாகவே தணிக்கை நிறுவனம், நல்ல வரும்படி, சீமைத் துணியில் உடை. முப்பத்தைந்து வயது வரை அவரைப் பார்த்தவர் எவரும் இவர் ஒரு நாள் குடிசையில் வசிப்பார் என்று சொல்லியிருக்கமாட்டார்கள்.

1927-ல் அமெரிக்கா சென்றார். சிரக்கியூஸ் சர்வகலாசாலையில் ஒரு பட்டம் பெற்று, நியூயார்க்கில் கொலம்பியா சர்வகலாசாலையில் சேர்ந்தார். அக்காலத்தில் ஒரு கோவிலில், இந்தியா ஏன் ஏழையாய் இருக்கிறது என்பதைப் பற்றிப் பேசும்படி கேட்டார்கள். பேசினார். பேச்சின் சாரம் பத்திரிகையில் வந்தது. பேராசிரியர் செலிக்மன் அதைப் படித்து, இதையே ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளும் என்றார். அரசாங்கம் வாங்கும் வரி எங்கிருந்து வருகிறது, எதற்குச் செலவாகிறது என்று கணக்குப்பிள்ளையின் கண்ணோடு புரட்டிப் பார்க்கப் பார்க்க, தம் நாட்டின் வறுமைக்கு மழையும் விதியும் காரணமல்ல, ஆளுவோர் எழுதும் வரவு செலவே காரணம் என்று கண்டார். அந்த ஆராய்ச்சி அவரையே மாற்றிவிட்டது. கொர்நேலியுஸ் என்ற பெயரை விட்டுக் குமரப்பா என்ற தம் முன்னோர் பெயரை எடுத்துக்கொண்டார்.

1929 மே 9-ம் நாள் காந்தியடிகளைக் காணச் சபர்மதி ஆசிரமம் சென்றார். பிற்பகல் இரண்டரை மணிக்கு வரச்சொல்லியிருந்தார்கள். நேரமிருந்ததால் கைத்தடியோடு ஆற்றங்கரையில் உலாவினார். சாணம் மெழுகிய தரையில் மரத்தடியில் ஒரு கிழவர் நூல் நூற்றுக்கொண்டிருந்தார். இராட்டையைப் பார்த்திராத குமரப்பா தடியை ஊன்றி நின்று வேடிக்கை பார்த்தார். சற்றுப் பொறுத்து அந்தக் கிழவரே, நீர்தானா குமரப்பா என்று கேட்டபோதுதான் அவர் யாரென்று தெரிந்தது. பட்டுச் சராயின் மடிப்பைப் பற்றி நினையாமல் அந்தச் சாணத் தரையிலேயே உட்கார்ந்தார். பிறகு ஆயுள் முழுவதும் தரையிலேயே இருந்துவிட்டார் என்று சொன்னால் மிகையாகாது.

காந்தியடிகள் கொடுத்த முதல் வேலை பிரசங்கம் அல்ல. குஜராத்தில் கேடா ஜில்லாவில் மாதர் தாலுகா கிராமங்களின் வரவு செலவை வீடு வீடாய்க் கேட்டு எழுதும் வேலை. குமரப்பாவுக்குக் குஜராத்தி தெரியாது. வித்தியாபீட மாணவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு, குடியானவனுக்கு எவ்வளவு நிலம், எத்தனை மாடு, எவ்வளவு கடன், எவ்வளவு தீர்வை என்று எழுதினார். பெரிய கம்பெனிகளின் கணக்கைச் சரிபார்த்த கை இப்போது ஏழையின் களஞ்சியத்தைக் கணக்கிட்டது. அந்த அறிக்கை 1931-ல் அச்சாயிற்று. உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது யங் இந்தியா பத்திரிகையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் வந்தது. அதனோடு சிறையும் வந்தது.

அப்போது நடந்த ஒன்றைக் கிறிஸ்தவர்களாகிய நாம் மறைக்காமல் சொல்லவேண்டும். கையில் ஆயுதமில்லாத சத்தியாக்கிரகிகள் தடியால் அடிக்கப்பட்டபோது, இதைச் சபை கண்டிக்கவேண்டாமா என்று ஆங்கிலிக்கன் சபையின் தலைமை மேற்றிராணியாராகிய வெஸ்ட்காட்டுக்குக் குமரப்பா எழுதினார். வந்த மறுமொழி அவருக்குத் திருப்தி தரவில்லை. சமாதானப் பிரபுவைப் போதிக்கிறவர்கள் அடிபடுகிறவன் பக்கம் நிற்கத் தயங்குவதை அவரால் பொறுக்கமுடியவில்லை. அதற்காக அவர் விசுவாசத்தை விட்டுவிடவில்லை. சபையோடு வாதாடினார், சுவிசேஷத்தோடு வாதாடவில்லை. அவருடைய வார்த்தைகளில் காரம் அதிகம் என்று வேண்டியவர்களே வருந்தியதுண்டு, இயல்பிலேயே கோபக்காரர்.

1934 ஜனவரி 15-ம் நாள் பீகாரில் பெரும் பூகம்பம் உண்டாயிற்று. நிவாரணத்துக்கென்று தேசமெங்குமிருந்து வந்த பணத்துக்குக் கணக்கு வைக்க ராஜேந்திர பிரசாத் குமரப்பாவை வைத்துக்கொண்டார். தொண்டர் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சாப்பாட்டுக்கு இத்தனை அணா, அதற்குமேல் ஒரு காசும் கிடையாது என்று விதி செய்தார். கமிட்டிக் கூட்டத்துக்காகக் காந்தியடிகள் பாட்னாவுக்குப் பரிவாரத்தோடு வந்து சேர்ந்தார். அவர்களுடைய சாப்பாட்டுச் செலவையும் மோட்டார் எண்ணெய்ச் செலவையும் நிவாரணப் பணத்திலிருந்து தரமுடியாது, வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள் என்று குமரப்பா காரியதரிசி மகாதேவ தேசாயிடம் சொல்லிவிட்டார். காந்தியடிகள் அவரை அழைத்து விசாரித்தார். பூகம்பத்தில் வீடிழந்தவனுக்காக ஜனங்கள் கொடுத்த பணம் இது என்று குமரப்பா விளக்கினார். காந்தியடிகள் அதை ஒப்புக்கொண்டார். மகாத்மாவுக்கே மறுத்த ஒருவரிடம் பிறகு யார் சலுகை கேட்பார்கள்?

கோவில் திருவிழாக் கணக்கும் சங்கக் கணக்கும் எழுதுகிற நம் பெரியவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று படிக்கலாம்.

அந்த ஆண்டு டிசம்பரில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் ஏற்பட்டது. குமரப்பா அதன் காரியதரிசி. வார்தாவில் மகன்வாடி என்ற தோட்டம் அதற்கு இருப்பிடமாயிற்று. அவருடைய வாழ்க்கையின் மிகச் சிறந்த காலம் இங்கேதான் கழிந்தது. மாட்டுச் செக்கு எப்படி அமைந்தால் மாட்டுக்குப் பாரம் குறைந்து எண்ணெய் கூடுதலாய் வரும், வைக்கோலையும் கந்தலையும் கொண்டு கையால் காகிதம் செய்வது எப்படி, தேனீயைக் கொல்லாமல் தேன் எடுப்பது எப்படி, சமைக்கிற தாய்மார் கண்ணில் புகை படாத அடுப்பை எப்படிக் கட்டுவது என்று பரீட்சை செய்துகொண்டேயிருந்தார்கள். மண்ணெண்ணெய்க்குப் பதிலாகக் கிராமத்திலேயே ஆடிய எண்ணெயால் எரியும் மகன் தீபம் என்ற விளக்கு அங்கே உருவாயிற்று. மலத்தையும் குப்பையையும் எருவாக்கி வயலுக்கே திருப்பினார்கள். மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கிறவன்தான் கடனில்லாத மனிதன் என்பது குமரப்பாவின் கணக்கு.

உமியோடு தவிட்டையும் நீக்கி வெண்மையாக்கிய ஆலை அரிசியை அவர் வெறுத்தார். தவிட்டில் இருக்கும் சத்தை இழந்துவிட்டு, பிறகு அதை மருந்துக் கடையில் வாங்குவது எந்தப் புத்தி என்று கேட்டார். நல்ல நஞ்சை நிலத்தில் ஆலைக்காகக் கரும்பு போடுவதைவிட, தரிசில் தானே வளரும் பனையின் பதநீரிலிருந்து வெல்லம் காய்ச்சினால், நிலம் நெல்லுக்கும் பயறுக்கும் மிஞ்சுமே என்றார். முதலில் ஊரார் உண்ணவேண்டியதைப் பயிரிடு, மிஞ்சினால் சந்தைக்கு அனுப்பு என்பதே அவர் போட்ட வரிசை. எந்திரம் எதுவுமே கூடாது என்றவரல்ல அவர். ஆனாலும் பட்டணத்தில் வளரும் ஜனத்தொகையை எண்ணும்போது, அவர் சொன்ன எல்லாவற்றையும் அப்படியே நடத்த முடியுமா என்ற சந்தேகம் நமக்கு எழுவது நியாயமே. அரிசி விஷயத்தில் மட்டும் சந்தேகமில்லை. வீட்டுக்கு வீடு சர்க்கரை வியாதி இருக்கும் இந்நாளில் கைக்குத்தல் அரிசியைத் தேடி அலைகிறோம்.

யுத்தத்தின்போது ஆங்கில அரசாங்கம் நம் தானியத்தையும் சரக்கையும் எடுத்துக்கொண்டு அச்சடித்த நோட்டைக் கொடுத்தது. அப்பம் கேட்கிற பிள்ளைக்குக் கல்லைக் கொடுப்பானோ என்ற சுவிசேஷ உவமையைத் தலைப்பாக வைத்துக் குமரப்பா ஒரு கட்டுரை எழுதினார். அதற்காகச் சிறைப்பட்டார். மீண்டும் 1943 முதல் 1945 வரை ஜபல்பூர் சிறையில் இருந்தார். இரத்தக் கொதிப்பு அவரை வாட்டியது. அந்தச் சிறையில்தான் இரண்டு நூல்கள் எழுதினார். ஒன்று சேசுநாதருடைய வாழ்வையும் போதனையையும் பற்றியது. மற்றொன்று நிலைத்து நிற்கும் பொருளாதாரத்தைப் பற்றியது. இரண்டுக்கும் காந்தியடிகள் முன்னுரை எழுதி, வேதசாஸ்திர டாக்டர், கிராமக் கைத்தொழில் டாக்டர் என்று வேடிக்கையாக இரு பட்டங்களும் கொடுத்தார்.

இரண்டாம் நூலில் சிருஷ்டியைப் பார்த்தே மனிதனுக்குப் பாடம் சொல்லுகிறார். புலி கொன்று தின்கிறது. குரங்கு தான் வைக்காத மாந்தோப்பில் பழம் பறிக்கிறது. குருவி தன் உழைப்பால் தனக்குக் கூடு கட்டுகிறது. தேனீ தன் கூட்டம் முழுவதற்கும் தேன் சேர்க்கிறது. தாய்ப்பறவையோ பிரதிபலன் எதிர்பாராமல் குஞ்சுக்கு ஊட்டுகிறது. மனிதருடைய பிழைப்பும் இந்த ஐந்து வகைதான். எந்தப் படியில் நிற்கிறோம் என்று அவனவன் பார்த்துக்கொள்ளவேண்டும். பின்னும், நிலக்கரி, மண்ணெண்ணெய், இரும்பு போன்றவை தொட்டித் தண்ணீரைப் போல எடுக்க எடுக்கக் குறையும். மழை, மரம், வெயில், பயிர் இவை ஓடும் நீரைப் போல வந்துகொண்டேயிருக்கும். தொட்டியை நம்பி வாழும் ஜாதிகள் கடைசிச் சொட்டுக்காகச் சண்டையிடும் என்றார். ஷூமாக்கர் என்ற பொருளாதார அறிஞர் 1973-ல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில் குமரப்பாவை எடுத்துக் காட்டியிருக்கிறார். 2015-ல் பாப்பரசர் பிரான்சிஸ் நம் பொது இல்லமாகிய பூமியைக் குறித்து விடுத்த நிருபத்தை வாசித்தவர்களுக்கும் இதெல்லாம் பழகிய பேச்சாகத் தோன்றும்.

நம் ஐயப்பன்தாங்கலின் பெயரிலேயே ஒரு தாங்கல் இருக்கிறது. மழை நீரைத் தாங்கி வைக்கும் சிறு ஏரிக்குத்தான் அந்தப் பெயர். அது சேமிப்புத்தான், ஆனால் ஆண்டுதோறும் வானம் நிரப்பித் தருகிற சேமிப்பு. வரத்துக்கால்வாய் திறந்திருக்கும் வரையில் அது குமரப்பா சொன்ன ஓடும் நீர், அடைத்துவிட்டால் தொட்டி. 2015 டிசம்பரில் வீட்டுக்குள் வெள்ளம் வந்ததையும், 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றதையும் மறந்தவர் நம்மில் யார்?

சுதந்திரம் வந்தபின் காங்கிரசின் நிலச் சீர்திருத்தக் கமிட்டிக்கு அவரே தலைவர். உழுகிறவனுக்கும் அரசாங்கத்துக்கும் நடுவில் இடைத்தரகர் கூடாது என்று 1949-ல் அறிக்கை கொடுத்தார். பெரிய ஆலைகளையும் பெரிய திட்டங்களையும் நம்பிய புதிய ஆட்சியோடு அவருக்கு ஒத்துப்போகவில்லை. பழைய சிநேகிதர்கள் மந்திரிகளானார்கள். இவர் விலகி நடந்தார். உடம்பும் தளர்ந்தது. முடிவில் மதுரைப் பக்கம் டி. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதன ஆசிரமத்துக்கு வந்து ஒரு சிறு வீட்டில் தங்கினார். மணம் செய்துகொள்ளவில்லை, தமக்கென்று சேர்த்துவைத்ததும் இல்லை.

அவ்வீட்டுச் சுவரில் ஓர் ஏழைக் குடியானவனுடைய படம் தொங்கியது. வந்தவர்கள் இது யாரென்று கேட்டால், காந்தி என் எஜமான், இவன் என் எஜமானுக்கு எஜமான் என்று பதில் சொல்வார்.

1960-ம் ஆண்டு ஜனவரி 30-ம் நாள், காந்தியடிகள் சுடப்பட்ட அதே தேதியில், சென்னையில் ஆஸ்பத்திரியில் ஜோசப் குமரப்பா உயிர் துறந்தார். வயது அறுபத்தெட்டு.