சேக்கிழார் பெருமானது அச்சமும் இறைவன் அருளும்

தொண்டை நன்னாட்டின் 24 கோட்டங்களுள் ஒன்றாகிய புலியூர்க் கோட்டத்தின்கண், சென்னை மாநகர்க்குத் தென்மேற்கே, குன்றத்தூர் என்னும் பேரூர் உளது. ஆங்கு வேளாளர் மரபில் சேக்கிழார் குடியில் தோன்றிய அருண்மொழித்தேவரே, பின்னர்த் தம் குடிப்பெயரானே உலகம் வழுத்தும் பெருமையெய்தினார். அநபாய சோழ வேந்தன் இவர்தம் அறிவாற்றலை உணர்ந்து இவரைத் தன் முதலமைச்சராக்கி, உத்தமசோழப் பல்லவர் என்னும் பட்டமும் நல்கினான். அவ்வேந்தன் 1133 முதல் 1150 வரை அரசாண்ட இரண்டாங் குலோத்துங்கனே என்பது ஆராய்ச்சியாளர் பலர் கொள்கை. சோழநாட்டுத் திருநாகேச்சரத்தின்பால் வைத்த பேரன்பினால், அமைச்சர் தம்மூரிலும் அப்பெயரானே ஒரு திருக்கோயில் எடுப்பித்தனர்.

அரசன் சீவக சிந்தாமணியின் சுவையில் ஈடுபட்டிருந்தமை கண்டு, இம்மை மறுமை இரண்டிற்கும் உறுதி பயப்பது சிவனடியார் வரலாறே என்று இவர் எடுத்துரைத்தார். சுந்தரமூர்த்திகளின் திருத்தொண்டத் தொகையையும், அதனை விரித்த நம்பியாண்டார் நம்பியின் திருவந்தாதியையும் விளக்கக் கேட்ட வேந்தன், அவ்வரலாறுகளைப் பெருங்காப்பியமாகப் பாடித் தருமாறு இவரையே வேண்டினான்.

ஈண்டு நாம் சற்றே நின்று எண்ணுதல் வேண்டும். நாட்டை ஆளும் பொறுப்பைத் தாங்கிய அமைச்சர்க்கு ஒரு நூலியற்றுதல் அரிதோ? அரிதென்றே அவர் கருதினார். அடியார் பெருமை அளவிடற்கரியது. தம் அறிவோ சிற்றறிவு. தெண்கடல் முழுதையும் பருகிவிட அவாவிய நாயினுக்கே தம்மை அவர் அவையடக்கத்தில் ஒப்பிடுகின்றார். அஃது உள்ளத்தே எழுந்த மெய்யச்சமே என்பது அவர் அடுத்துச் செய்ததனால் தெளிவாம். ஏடும் எழுத்தாணியும் தேடி அவர் விரையவில்லை. தில்லைக்குச் சென்று கூத்தப்பெருமான் திருமுன் நின்று, அடியெடுத்துத் தந்தருளுமாறு இரந்தார். எல்லா உலகங்களையும் சுட்டும் ஒரு சொல் அசரீரியாய் எழுந்தது என்று, உமாபதி சிவாசாரியர் அருளியதாகக் கொள்ளப்படும் சேக்கிழார் புராணம் கூறும். அச்சொல்லையே முதலாகக் கொண்டு ஆயிரக்கால் மண்டபத்திருந்து அவர் பாடத் தொடங்கினார். அறிதற்கரிய தொண்டினை நீ கூறுமாறு எங்ஙனம் என்று வினவுவார்க்கு, வானில் எழுந்த அம்மெய்ம்மொழியின் வலியானே கூறுவோம் என்று அவர்தாமே நூலகத்து விடையிறுத்தலும் காண்க.

அவர் போற்றிய முதல்நூலின் வரலாறும் இதனையே காட்டும். திருவாரூர்த் தேவாசிரிய மண்டபத்து அடியார்களைப் பாடுக என்று இறைவன் பணித்தபோது, சுந்தரமூர்த்திகளும் தமக்கு அத்தகுதி யாதென்று மயங்கினர். பெருமானே முதலடி தந்தருளினன். இதனைத் தம் நூலில் எழுதிய சேக்கிழார், தாம் பெற்ற பேற்றினையும் உடன் எண்ணியிருப்பார் என்பதில் ஐயமென்னை?

அச்சம் இருவகைத்து. தன் பெயர்க்கு இழுக்கு நேருமோ என்று அஞ்சிப் பின்வாங்குதல் ஒன்று. அது பணிவு போலத் தோன்றினும், எல்லாம் தன்னாலே ஆவதென்னும் தற்போதத்தின் வடிவே. தன் சிறுமையை உணர்ந்து திருவருளைச் சார்தல் மற்றொன்று. கண்ணுக்குக் காணும் ஆற்றல் உண்டு; ஆயினும் கதிரொளி காட்டாதவழிக் காணமாட்டாது. ஒளியில்லை என்று கண்ணை மூடிக்கொள்வாரும், கண்ணே போதும் என்று இருளில் நடப்பாரும் ஒருங்கே இடர்ப்படுவர். சேக்கிழார் கண்ணையும் மூடிற்றிலர், ஒளியையும் விட்டிலர்.

சித்திரைத் திருவாதிரையில் தொடங்கிய விரிவுரை, மறு ஆண்டுச் சித்திரைத் திருவாதிரையில் நிறைவெய்தியது. தனியடியார் 63 பேரையும் தொகையடியார் ஒன்பதின்மரையும் போற்றும் அந்நூல், 4000-க்கு மேற்பட்ட செய்யுட்களோடு பன்னிரண்டாந் திருமுறையாயிற்று. அரசன் நூலாசிரியரை நூலுடன் யானைமீது ஏற்றித் தானும் உடனிருந்து கவரி வீசினான். தொண்டர்சீர் பரவுவார் என்னும் பெயரும் சூட்டினான். அமைச்சுரிமை தம்பியார் பாலறாவாயரைச் சார, பெருமான் தில்லையிலேயே தங்கி இறைவன் திருவடி நிழலை யடைந்தார்.

நம்மையும் ஏதேனும் ஒரு திருப்பணி, நம் வலிக்கு மேற்பட்டதாய் அழைத்தல் கூடும். அப்போது தகுதியின்மையைச் சொல்லி ஒதுங்காமல், அத்தகுதியின்மையையே திருமுன் வைத்து இரப்போமாக.

திருச்சிற்றம்பலம்.