அடெல்கி நெக்ரி: நுண்ணோக்கியின் முன் ஒரு வாழ்வு

புகழ் பெற்றவர்கள் எல்லாரும் மேடையேறிப் பேசியவர்களோ படை நடத்தியவர்களோ அல்லர். நான்கு சுவர்களுக்குள் நுண்ணோக்கியின் முன் குனிந்திருந்தே உலகுக்கு நன்மை செய்தவர்களும் உண்டு. அத்தகையோருள் ஒருவர் இத்தாலி நாட்டு மருத்துவ அறிஞர் அடெல்கி நெக்ரி. கால்நடை மருத்துவம் படித்த எவரைக் கேட்டாலும், நெக்ரி துகள்கள் என்றால் என்ன என்று உடனே சொல்லிவிடுவார். ஆனால் அந்தப் பெயருக்கு உரியவர் 35 வயதிலேயே மறைந்துவிட்டார் என்பதைப் பலர் அறியார்.

இளமையும் கல்வியும்

நெக்ரி 1876 ஆம் ஆண்டு இத்தாலியில் பெருஜியா நகரில் பிறந்தார். மருத்துவம் பயில பவியா நகருக்குச் சென்றார். அங்குள்ள பல்கலைக்கழகம் 1361 இல் தோன்றிய பழம்பெரும் கல்விக்கூடம். அங்கே அவருக்கு வாய்த்த ஆசிரியர் கமிலோ கொல்கி. வெள்ளி உப்பைக் கொண்டு நரம்புச் செல்களைக் கரிய நிறமாக்கிக் காட்டும் முறையை 1873 இல் கண்டவர் அவர். 1906 இல் நோபல் பரிசு பெற்றவர். நல்லாசிரியர் அமைவதும் ஒரு பேறு அல்லவா? 1900 இல் பட்டம் பெற்ற நெக்ரி, கொல்கியின் ஆய்வுக்கூடத்திலேயே உதவியாளராகச் சேர்ந்தார்.

அந்நாளைய துன்பம்

வெறிநாய்க்கடி நோய் தோன்றிவிட்டால் பிழைப்பது அரிது. அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். கடிபட்டவருக்கு நோய் வராமல் தடுக்கும் ஊசியை லூயி பாஸ்டர் 1885 இல் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் போட்டு வெற்றி கண்டார். ஆனால் மற்றொரு கேள்வி விடை இல்லாமல் நின்றது. கடித்த நாய்க்கு உண்மையிலேயே வெறி பிடித்திருந்ததா என்பதை எப்படி அறிவது?

நாயை அடித்துக் கொன்றுவிடுவார்கள். அதன் மூளையைத் திறந்து பார்த்தால் வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே அந்த மூளையில் சிறிது எடுத்து ஒரு முயலுக்குச் செலுத்துவார்கள். முயலுக்கு நோய் வருகிறதா என்று பார்க்க இரண்டு மூன்று வாரங்கள் காத்திருக்க வேண்டும். அதற்குள் கடிபட்ட குழந்தையின் கதி என்ன? அந்தத் தாய் எத்தனை இரவுகள் உறங்காமல் கழித்திருப்பாள்!

கண்டுபிடிப்பு

இந்நோய் தாக்கிய விலங்குகளின் மூளையைத் திசுவியல் முறைப்படி ஆராய நெக்ரி முற்பட்டார். இது எளிய வேலை அன்று. மூளை வெண்ணெய் போல் மென்மையானது. அப்படியே வெட்டினால் குழைந்துவிடும். எனவே திசுவை முதலில் மருந்து நீரில் ஊறவைத்துக் கெட்டிப்படுத்த வேண்டும். பின் சாராயத்தில் இட்டு அதிலுள்ள நீரை அகற்ற வேண்டும். அதன் பின் உருக்கிய மெழுகை உள்ளே ஊறச்செய்து கட்டியாக்க வேண்டும். அந்தக் கட்டியை மைக்ரோடோம் என்னும் கருவியில் பொருத்தி, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கு கனமே உள்ள ஏடுகளாகச் சீவ வேண்டும். ஏட்டைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டிச் சாயம் ஏற்றினால்தான் செல்கள் கண்ணுக்குப் புலப்படும். ஒரு படியில் அவசரப்பட்டாலும் முழு உழைப்பும் வீண்.

மூளையில் ஆட்டுக்கொம்பு போல் வளைந்த ஒரு பகுதி உண்டு. நாயின் மூளையில் அப்பகுதியின் நரம்புச் செல்களைப் பார்த்தபோது நெக்ரியின் கண்ணில் ஒரு புதுமை பட்டது. நீலநிறச் செல்களுக்குள்ளே வட்டமாகவும் நீள்வட்டமாகவும் சிவந்த துகள்கள் இருந்தன. வெறிநோய் கண்ட விலங்குகளில் அவை மீண்டும் மீண்டும் தென்பட்டன. 1903 மார்ச்சு மாதம் பவியா மருத்துவ அறிஞர் கழகத்தில் இச்செய்தியை அவர் அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 26.

பிழைபட்ட விளக்கம், பிழைபடாத பயன்

அந்தத் துகள்களே நோய்க்குக் காரணமான ஒற்றைச் செல் உயிர்கள் என்று நெக்ரி நம்பினார். அதே 1903 இல் கான்ஸ்டான்டிநோப்பிளில் ரெம்லிஞ்சரும் ரிஃபாத் பே என்பவரும், பாக்டீரியா நுழைய முடியாத வடிகட்டியையும் வெறிநோய்க் கிருமி கடந்து விடுகிறது என்று காட்டினர். அப்படியானால் அது நெக்ரி கண்ட துகளைவிட மிக நுண்ணியதாக இருக்க வேண்டும். ஆயினும் நெக்ரி தம் கருத்தை விடவில்லை. இதில் ஒரு வியப்பு உண்டு. பெரியம்மைத் தடுப்பு மருந்திலுள்ள கிருமி வடிகட்டியைக் கடந்து செல்வதை 1906 இல் எடுத்துக்காட்டியவர் அவரே!

பின்னாளில் எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்தது. அத்துகள்கள் தனி உயிர்கள் அல்ல, செல்லுக்குள் வைரஸின் பொருள்கள் திரளும் இடங்கள் என்று தெளிவாயிற்று. நெக்ரியின் விளக்கம் தவறியது. ஆனால் அவர் கண்ட அடையாளம் தவறவில்லை. கண்டதைக் கண்டபடியே கவனமாக எழுதி வைத்ததால், அவருடைய பிழையையும் தாண்டி அவருடைய உழைப்பு நிலைத்தது.

உலகெங்கும் பரவிய பயன்

முயலுக்காக வாரக்கணக்கில் காத்திருந்த நிலை மாறியது. நாயின் மூளை ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தால் ஓரிரு நாளில் விடை சொல்ல முடிந்தது. பல நாடுகளில் இம்முறை பரவியது. நம் நீலகிரியில் குன்னூர் பாஸ்டர் நிலையம் 1907 இல் தொடங்கப்பட்டதும் இந்நோயை எதிர்ப்பதற்காகவே.

நோயுற்ற எல்லா விலங்கிலும் நெக்ரி துகள்கள் தென்படுவதில்லை. அவை இருந்தால் நோய் உறுதி. காணவில்லை என்பதால் நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. இக்குறையை நீக்க 1950களின் இறுதியில் ஒளிரும் சாயத்தால் வைரஸைக் காட்டும் சோதனை வந்தது. வெறிநோயை உறுதிசெய்ய இன்று அதுவே முதலிடம் பெறுகிறது. ஆயினும் கால்நடை நோய்களைக் கண்டறியும் கூடங்களில் மெழுகுக்கட்டியைச் சீவிச் சாயம் ஏற்றும் பணியாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். மாட்டின் ஈரலோ, கோழியின் குடலோ, நாயின் கட்டியோ, எதுவானாலும் முதலில் அவர்கள் கைக்குத்தான் வருகிறது. தகட்டில் எழுதும் எண் ஒன்று மாறினால் ஒரு விலங்கின் நோய் மற்றொன்றின் பெயரில் போய்விடும். மருத்துவர் சொல்லும் முடிவு அவர்களுடைய கைந்நேர்த்தியையே நம்பியிருக்கிறது.

இல்வாழ்வும் மறைவும்

அதே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய லீனா லுஸ்ஸானி என்னும் பெண் அறிஞரை நெக்ரி 1906 இல் மணந்தார். பெண்கள் ஆய்வுக்கூடத்தில் கால் வைப்பதே அரிதாக இருந்த காலம் அது! 1909 இல் நெக்ரி பவியாவில் பாக்டீரியா இயல் பேராசிரியர் ஆனார். ஆனால் நோய்களை ஆராய்ந்தவரை நோயே வென்றது. காசநோய்க்கு அன்று தக்க மருந்து இல்லை. 1912 பிப்ரவரி 19 ஆம் நாள் அவர் உயிர் நீத்தார். மணவாழ்வு ஆறே ஆண்டுகள்.

லீனா அம்மையார் துயரத்தில் ஓய்ந்துவிடவில்லை. நெக்ரி துகள்களைக் கொண்டு வெறிநோயைக் கண்டறிந்த பத்தாண்டு அனுபவத்தைத் தொகுத்து, 1913 இல் பாரிசின் பாஸ்டர் நிலைய இதழில் வெளியிட்டார். கணவர் விட்ட இடத்தில் மனைவி தொடர்ந்தார்.

நாம் செய்ய வேண்டியது

அன்புத் தோழியரே! நாய் கடித்தாலும் பிறாண்டினாலும் வீட்டில் திட்டுவார்களே என்று அஞ்சி மறைக்காதீர்கள். சோப்பும் ஓடும் நீரும் கொண்டு காயத்தைப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். வீட்டு நாய்க்கும் ஆண்டுதோறும் ஊசி போடச் சொல்லுங்கள். செப்டம்பர் 28 ஆம் நாள், பாஸ்டர் மறைந்த நாள், உலக வெறிநோய்த் தடுப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. அந்நாளில் பாஸ்டரை நினைக்கும்போது, பவியாவின் இளம் மருத்துவரையும், பெயர் வெளியே தெரியாமல் கண்ணாடித் தகடுகளை ஆயத்தம் செய்யும் எண்ணற்ற கரங்களையும் நன்றியோடு நினைப்போமாக!

– பத்தாம் வகுப்பு மாணவி, ‘ஆ’ பிரிவு