மங்கிய ஒளியைக் கண்ட மேதை கே. எஸ். கிருஷ்ணன்

அறிவியல் மேதைகள் கடல் கடந்த நாடுகளில்தான் தோன்றுவார்கள் என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. அவ்வெண்ணத்தை மாற்ற, நம் மதுரையில் பயின்ற கே. எஸ். கிருஷ்ணனின் வாழ்வே போதும் என்பேன்.

மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்திலுள்ள வத்திராயிருப்பில் 1898ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் அவர் பிறந்தார். பசுமலையில் 1881இல் தொடங்கிப் பின்னர் மதுரை நகருக்கு இடம் மாறிய அமெரிக்கன் கல்லூரியில் பயின்றார். சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் படிப்பைத் தொடர்ந்து, அங்கேயே வேதியியல் துறையில் பணியாற்றினார். பிறகு கல்கத்தா சென்று, 1923இல் சி. வி. இராமனின் ஆராய்ச்சிக் குழுவில் சேர்ந்தார்.

1928இல் அவ்விருவரும் சூரிய ஒளியைக் குவித்து, தூய்மைப்படுத்திய நீர்மங்களில் செலுத்தினர். சிதறிய ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறி வெளிவந்தது. சுமார் 60 நீர்மங்களில் அந்த மங்கிய ஒளியைத் தேடிப் பார்த்தனர். ‘நேச்சர்’ இதழில் வந்த அறிவிப்பில் இருவர் பெயரும் இருந்தன. 1930இல் நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே கிடைத்தது.

கிருஷ்ணனின் பணி அத்துடன் நின்றுவிடவில்லை. டாக்காவில் படிகங்களின் காந்தப் பண்புகளை ஆராய்ந்தார். 1940இல் இலண்டன் ராயல் கழக உறுப்பினரானார். 1947இல் தில்லி தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநரானார். 1961இல் மறைந்தார்.

முதல் லேசர் ஒளிர்ந்தது 1960இல். அதன் பின்னரே அந்த மங்கிய ஒளியின் முழுப் பயனும் விளங்கியது. நம் ஆய்வகத்துப் புன்சன் அடுப்பில் வாயுவும் காற்றும் முன்னரே கலந்து எரிகின்றன. இத்தகைய கலவை எந்திரங்களுள் கொந்தளித்துப் பாயும்போது, மெல்லிய சுடர் கசங்கிய துணிபோல மடிந்து நெளிகிறது. அதனுள் கருவியை நுழைத்தால் ஓட்டமே கலையும். லேசர்த் துடிப்போ, நொடியின் நூறு கோடியில் சில பங்கு நேரமே பாய்ந்து, சுடரைத் தொடாமலே படம் பிடிக்க உதவுகிறது. நிறம் மாறிச் சிதறும் ஒளியைக் கொண்டு நைட்ரஜன், ஆக்சிஜன், எரிபொருள் ஆகியவற்றின் அளவையும் வெப்பநிலையையும் கணிக்கின்றனர். எரிபொருளைச் சிக்கனமாகவும், நச்சுப்புகை குறைவாகவும் எரிக்க இவ்வறிவு துணை நிற்கிறது.

பரிசுப் பட்டியலில் இடம்பெறாத பெயரும் அறிவியலில் நிலைத்து நிற்கும் என்பதற்குக் கிருஷ்ணனே சான்று. ஆய்வகத்தில் புன்சன் அடுப்பை ஏற்றும் மாணவ நண்பர்களே, வத்திராயிருப்பு தந்த அம்மேதையை நினைவிற் கொள்வோமாக!