மாண்டிசோரி அம்மையாரும் கையாற் கற்கும் கணிதமும்

கணிதம் என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் முகம் வாடும் மாணாக்கர் நம் நாட்டு உயர்தரப் பாடசாலைகளில் எத்துணையோ பேர் உளர். அவர்கள் அறிவிற் குறைந்தவரல்லர். கடைத்தெருவிற் சில்லறை பிசகாதவரும், வயலில் வரப்பளந்து பங்கு பிரிக்க வல்லவரும் அவருள் உண்டு. அங்ஙனமிருந்தும், கரும்பலகையில் எழுத்துக்களும் குறிகளும் தோன்றிய உடனே அவர் அறிவு மயங்குவானேன்? இவ்வினாவிற்குத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு விடை தேடிய ஒரு பெண்மணியின் சரித்திரத்தை யாம் ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம். அவரே இத்தாலி தேசத்து மரியா மாண்டிசோரி அம்மையார்.

அம்மையார் 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ஆம் தேதி ஆங்கோனா நகரத்தை அடுத்த கியாரவல்லே என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் அரசாங்க உத்தியோகஸ்தர். அக்காலத்துப் பெண்மக்கள் கற்றது சிறிது. அவருக்கு வகுக்கப்பட்டிருந்த தொழிலோ உபாத்திமைத் தொழில் ஒன்றே. கணிதத்திற் பெருவிருப்பங் கொண்ட மரியா அதனை மேற்கொள்ள மறுத்து, ஆண்பிள்ளைகள் பயிலும் தொழிற்கல்விப் பாடசாலையிற் சேர்ந்து, எஞ்சினீயராக வேண்டுமென்று எண்ணினார். பின்னர் அவர் மனம் வைத்திய சாஸ்திரத்தை நாடியது. 1896-ஆம் ஆண்டில் ரோமாபுரிச் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்று, அந்நாட்டில் அப்பட்டம் பெற்ற முதற் பெண்டிர் சிலருள் ஒருவராயினார். உபாத்திமை வேண்டாமென்று ஓடியவரை உலகத்து உபாத்தியாயர்க்கெல்லாம் உபாத்தியாயராக்கியது விதியின் விநோதமே.

வைத்தியராய் அமர்ந்த அவர் கண்ணில் முதற்கண் பட்டவர், மந்தபுத்தியுடையோர் என்று தள்ளப்பட்டு, சித்தசுவாதீனமற்றோருடன் அடைபட்டுக் கிடந்த குழந்தைகள். இவர்க்கு வேண்டுவது மருந்தன்று, கல்வியே என்று அவர் துணிந்தார். இதார், செகேன் என்னும் பிரெஞ்சு வைத்தியர் இருவர் எழுதிய நூல்களை ஆராய்ந்து, கையாலே தொட்டும், எடுத்தும், அடுக்கியும் பயிலுதற்குரிய கருவிகளை அமைத்தார். அவர் பயிற்றிய குழந்தைகளிற் சிலர் மற்றைப் பிள்ளைகளோடு பொதுப் பரீக்ஷை எழுதித் தேறினர். கண்டோர் வியந்தனர். அம்மையாரோ வியவாது கவன்றார். இக்குழந்தைகளே இவ்வளவு தேறுவாராயின், குறையொன்றும் இல்லாத பிள்ளைகளை இவரோடு ஒத்த நிலையிலேயே நிறுத்தி வைத்திருக்கும் பாடசாலை எத்தகையது என்பதே அவர் கவலை.

1907-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 6-ஆம் தேதி, ரோமாபுரியில் ஏழைத் தொழிலாளர் வாழும் ஸான் லொரென்ஸோ என்னும் பகுதியில், குழந்தைகள் இல்லம் ஒன்று அவர் மேற்பார்வையில் திறக்கப்பட்டது. தாயும் தந்தையும் வேலைக்குச் சென்றபின் படிக்கட்டுகளிற் சுற்றித் திரிந்த சிறார்களே அங்கு வந்தவர். மாண்டிசோரி முறை பிறந்த இடம் ஏழையின் முற்றமே என்பதை நாம் மறத்தலாகாது.

அம்மையார் கணிதத்திற்கு அமைத்த கருவிகளிற் சிலவற்றைக் கூறுவாம். பொன்னிற மணி ஒன்று, ஒன்று என்னும் எண்ணாம். பத்து மணி கோத்த கம்பி பத்தாம். பத்துக் கம்பிகளைச் சேர்த்த சதுரம் நூறாம். பத்துச் சதுரங்களை அடுக்கிய கனம் ஆயிரமாம். ஆயிரத்தைக் கையில் ஏந்தும் குழந்தை அதன் பாரத்தை உணர்கின்றது. வர்க்கம், கனம் என்னும் சொற்களைக் கேட்குமுன்னரே அவற்றின் வடிவத்தைக் கண்டுவிடுகின்றது. மற்றொன்று, எட்டு மரத்துண்டுகளால் ஆகிய பெட்டி. இரண்டு எண்களின் கூட்டுத்தொகையைக் கனப்படுத்தினால் தோன்றும் பகுதிகள் அத்துண்டுகளே. சிறுவயதில் அதனை விளையாட்டுப் பொருளாக அடுக்கியவன் பின்னாளிற் பீஜகணிதச் சூத்திரத்தைப் படிக்குங்கால், பழைய நண்பனைக் கண்டவன் போல் மகிழ்கின்றான். துண்டு தவறாக வைக்கப்படின் பெட்டி மூடாது. ஆதலின் பிழையைக் காட்ட உபாத்தியாயரின் பிரம்பு வேண்டுவதில்லை.

இம்முறை சிறு குழந்தைகளோடு நின்றுவிடவில்லை. எண்கணிதத்திற்கு ஒன்றும் க்ஷேத்திரகணிதத்திற்கு ஒன்றுமாக இரண்டு பெருநூல்களை அம்மையார் 1934-ஆம் ஆண்டில் ஸ்பெயின் தேசத்துப் பார்ஸிலோனா நகரில் வெளியிட்டார். முன்னர் அவரை ஆதரித்த முஸோலினியின் அரசாங்கத்தோடு பிணக்கு முற்றி, இத்தாலியில் அவர் பள்ளிகள் மூடப்பட்டன. குழந்தைகளைப் போர்வீரராகப் பழக்க விரும்பியோர்க்கும், தாமே சிந்திப்பவராக வளர்க்க விரும்பியவர்க்கும் ஒற்றுமை எங்ஙனம் உண்டாகும்? அம்மையார் தாய்நாட்டை விட்டு நீங்கினார். 1936-இல் உள்நாட்டுப் போரால் ஸ்பெயினையும் விட்டு ஹாலந்து சேர்ந்தார்.

1939-ஆம் ஆண்டு, பிரம்மஞான சபையார் அழைப்பிற்கிணங்கி, அறுபத்தொன்பது வயதில் மகன் மாரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். முந்நூறு பேருக்குக் குறையாத மாணாக்கர் கூடினர். அவர் இத்தாலிய மொழியிற் பேச, மகன் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துரைத்தார். 1940-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இத்தாலி யுத்தத்திற் புகவே, அவ்விருவரும் பகைநாட்டார் ஆயினர். மாரியோ காவலில் வைக்கப்பட்டார். அம்மையாரும் வெளிச்செல்லத் தடைபெற்றார். ஆயினும் அவரது எழுபதாம் பிறந்தநாளன்று அரசாங்கத்தார் மகனை விடுவித்துத் தாயிடம் சேர்ப்பித்தனர். பின்னர்க் கோடைக்கானலில் தங்கிய காலத்தில், வயதில் மூத்த பிள்ளைகளுக்குரிய பாடங்களையும் விரித்தமைத்தார். 1946-இல் ஐரோப்பாவிற்குத் திரும்பி, மறுபடியும் இந்தியா வந்து பயிற்றி, 1952-ஆம் ஆண்டு மே மாதம் 6-ஆம் தேதி ஹாலந்தில் நோர்ட்விக் என்னும் கடற்கரையூரிற் காலமானார்.

1931-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் காந்தியடிகள் அம்மையாரைக் கண்டபொழுது, இத்தகைய கல்வி செல்வர் மக்களுக்கேயன்றிப் பரம ஏழைகளின் மக்களுக்கும் கிட்டவேண்டும் என்னும் தம் அவாவை வெளியிட்டார். அவ்வவா முற்றும் நிறைவேறியதாக யாம் கூறத் துணியோம். ஏழையின் முற்றத்திற் பிறந்த முறையின் பெயர் இன்று பெரும்பாலும் நகரங்களிற் பொருளுடையோர் பிள்ளைகள் பயிலும் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளிலேயே காணப்படுகின்றது. கருவிகள் விலையுயர்ந்தன என்பர். விலையுயர்ந்தது மரமும் மணியுமேயன்றிக் கருத்தன்று. கூர்ச்சரத்துப் பாவநகரில் 1920-ஆம் ஆண்டிற் பாலமந்திரம் தொடங்கிய கிஜுபாய் பதேகா, அக்கருத்தைத் தாய்மொழியிலும் நம் நாட்டுக் கதைகளிலும் பொருத்திக் காட்டினாரன்றோ?

நம் தாமிரவருணிக் கரையிலேயே ஒரு சான்று காண்போம். சேரன்மாதேவிக்கு அணித்தாகிய பத்தமடையிற் கோரையை ஆற்றுநீரில் ஊறவைத்து, நுண்ணிதாகக் கிழித்து, பட்டுப்போன்ற பாய் நெய்கின்றனர். மணமக்கள் பெயரைப் பாயில் எழுப்புவோர் பாவு நூலை எண்ணி எண்ணியே நெய்தல் வேண்டும். எண்ணாத கைக்கு ஓர் எழுத்தும் எழாது. கைக்கும் கணிதத்திற்கும் உள்ள உறவு அவ்வூரிற் புதிதன்று. அத்தகைய ஊரின் உயர்தரப் பாடசாலையில் வர்க்கமூலம் கற்பிக்க விலைகொடுத்து வாங்கவேண்டுவது யாது?

529 புளியங்கொட்டைகளை ஒரு குழுவினரிடம் கொடுத்து, அவற்றைச் சதுரமாக அடுக்கச் சொல்லுக. முதலில் வரிசைக்கு இருபதாக இருபது வரிசை வைப்பர், நானூறு செலவாகும். எஞ்சியவை 129. சதுரத்தை வளர்க்க வேண்டின் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தல் பயன்படாது. அடுத்துள்ள இரண்டு பக்கங்களிலும் வைத்தல் வேண்டும். பக்கத்திற்கு மும்மூன்று வரிசையாக அறுபதும் அறுபதும் வைத்து, மூலையில் ஒன்பதை இட்டால் சதுரம் நிறைவுறும், மூலம் 23. ஈவை இரட்டிக்க வேண்டும் என்னும் விதியை மாணாக்கர் நெட்டுருச் செய்கின்றனர். ஏன் இரட்டிக்க வேண்டும் என்பதை அறிந்தார் சிலரே. வளரும் பக்கங்கள் இரண்டாதலின் இரட்டிக்கின்றோம் என்பதைப் புளியங்கொட்டை சொல்லிவிடும். அவ்வாறே ஆற்றுக் களிமண்ணால் மூன்றும் இரண்டுமான அளவிற் கனத்துண்டுகள் எட்டு வார்த்து அடுக்கின், 27-உம், பதினெட்டு மும்முறையும், பன்னிரண்டு மும்முறையும், எட்டும் கூடி, 125 ஆவதைக் கண்ணாற் காணலாம்.

பரீக்ஷைக்குக் காலம் போதாதென்று சிலர் கூறுவர். பொருளுணராத விதியை ஆண்டுதோறும் மீட்டும் மீட்டும் கற்பிக்கச் செல்லும் காலத்தை அவர் கணக்கிட்டிலர். கருவியிலேயே நின்றுவிடுதலும் தவறேயாம். ஆற்றைக் கடந்தவன் ஓடத்தைத் தலையிற் சுமப்பதில்லை. கருத்து விளங்கிய மாணாக்கன் கொட்டையை நீக்கித் தானே ஏட்டில் எழுதத் தொடங்குவான். அவன் அதனை நீக்கும் வரையிற் பொறுத்திருத்தலே உபாத்தியாயர் கடமை.

நம் கலாசாலையினின்று ஆண்டுதோறும் பலர் உபாத்தியாயராய்ச் சிற்றூர்களுக்குச் செல்கின்றனர். வகுப்பின் கடைசிப் பலகையில் தலைகுனிந்திருக்கும் பிள்ளையை அறிவிலி என்று ஒதுக்குமுன், அவன் கையில் எண்ணத்தக்க பொருளொன்றைக் கொடுத்தோமா என்று அவர் தம்மைத் தாமே வினவுவாராக. ஒதுக்கப்பட்ட குழந்தைகளிடமிருந்தே உலகத்தார்க்குக் கல்விமுறை கண்ட அம்மையாருக்கு நாம் செலுத்தும் கடன் அதுவேயாம்.